அடையாளம் போட்டதெல்லாம்

நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைப் பட்டியலும் பிள்ளைகளின் லீவு லெட்டரும்தான். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் இத்தனை பக்கம் எழுதி உங்கள் முன்னால் வைப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் வீடு மாற்றினோம். பரணிலிருந்து ஒரு இரும்புப் பல்சக்கரம் இறங்கியது. சாமான் ஏற்ற வந்தவர், "இது ஆக்கிரிக்குப் போடட்டே சேச்சி?" என்று, பழைய இரும்புக்குப் போடலாமா எனக் கேட்டார். வேண்டாம் என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தூக்கம் சரியாக வரவில்லை.

ஐம்பதைத் தாண்டிய உங்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். நாம் சின்னவர்களாக இருந்தபோது, பெரியவர்கள் பேசினால் கதவுக்குப் பின்னால் நிற்போம். கேட்டால்தான் பதில். நான் அந்தப் பழக்கத்தை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஒரே ஒரு நாள் தவறினேன். அந்த நாளைப் பற்றித்தான் இது.

எங்கள் வீடு ஸ்ரீவராகத்தில், மலையாள ஊரில் தமிழ்க்காரர்கள் வாழும் ஒரு தெருவில். முன்பக்கம் அகலம் கம்மி, பின்பக்கம் போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் கொல்லை, கொல்லைக்குப் பின்னால் ஒரு இடைவழி. அந்தக் கொல்லையில் அப்பா தகரக் கூரை போட்டு ஒரு பட்டறை வைத்திருந்தார். அப்பாவுக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஐந்தேகாலுக்கு வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வருவார். ஐந்தரைக்குக் கறை பிடித்த பழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏதாவது ஒரு துருப்பிடித்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பார். தையல் மெஷின், சின்னப் பம்பு, ஒருமுறை ஒரு கோபுரக் கடிகாரத்தின் உள்பாகம். வாங்குவார், பிரிப்பார், மண்ணெண்ணெயில் ஊறப் போடுவார், மாதக்கணக்கில் தேய்ப்பார். ஓட ஆரம்பித்ததும் அடுத்ததைத் தேடப் போய்விடுவார்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அந்தப் பெரிய எஞ்சின் வந்தது. போனக்காடு மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததாம். எட்டுப் பேர் இடைவழியாகக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இரண்டு பக்கமும் என் உயரத்துக்கு இரும்புச் சக்கரம். உடம்பெல்லாம் துரு. பிஸ்டன் உள்ளே பிடித்துப்போய் அசையவில்லை. அப்பா அதற்குள் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஊற்றி, தினமும் மரச் சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். பதினேழாவது நாள் அது ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்பா சமையலறைக்கு ஓடி வந்து சொன்னார். அம்மா, "நகர்ந்துதா? அப்படியே நகர்ந்து தெருவுக்குப் போனா தேவலை" என்றாள்.

எண்ணெய் விடும் பித்தளைக் கிண்ணத்தை அம்மாவின் புளியைத் திருடித்தான் அப்பா தேய்த்தார். துருவுக்கு அடியில் ஓரிடத்தில் மட்டும் கரும்பச்சைப் பெயிண்ட் மிஞ்சியிருந்தது. அதைத் தொட யாருக்கும் அனுமதி கிடையாது. எனக்குப் பட்டறைக்குள் நுழையவே அனுமதி இல்லை. "பாவாடை சக்கரத்துல மாட்டிண்டா தெரியும்" என்பாள் அம்மா.

பிஸ்டன் நகர்ந்த பிறகுதான் கடலோர ஊரான விழிஞ்ஞத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், எங்களுக்கு அவர் விழிஞ்ஞத்துக்காரர். பட்டறைக்காரர்கள் கைதேர்ந்த மெக்கானிக்கை 'ஆசானே' என்று கூப்பிடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் கூப்பிட்டார். படகு எஞ்சின்களில் வேலை பார்த்தவர். அலையில் படகு தூக்கிப்போட்டு இடுப்பில் அடி. அதற்குப் பிறகு ஆடுகிற பலகையில் குனிந்து நின்று வேலை செய்ய முடியவில்லை. ஒரு எஞ்சினின் மேல் காதை வைத்தாரென்றால் உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அவரை அம்மா முன்வாசல் வழியாக விட்டதில்லை. இடைவழியாக வந்து கொல்லைக் கதவைத் தட்டுவார். காபி தனி டம்ளரில் போகும். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. எங்களுக்காகத் தமிழில்தான் பேசுவார். அவருடைய தமிழ் பாதி மலையாளம். ஆனாலும், "சாமியோட வீட்டில வந்தா சாமியோட பாஷை" என்று சிரிப்பார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மலையாளத்திலேயே பேசியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அப்பா அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அப்பாவுக்குத் தெரிந்த நாகர்கோவில்காரர் ஒருவர் கரமனைப் பக்கம் அரிசி மில் வைத்திருந்தார். மில்லில் மூன்று எஞ்சின்கள். பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், எஞ்சின் ஓடுவதைப் பார்ப்பார், ஓடினால் விழிஞ்ஞத்துக்காரருக்கு அந்த வேலை. ஆடாத தரையில் நின்று செய்கிற வேலை. "இது ஓடிட்டா நான் இனி கடலைக் கரையில இருந்து பாத்தா மதி, அது போதும்" என்று அவர் சொன்னது எனக்குக் காதிலேயே இருக்கிறது.

அதற்கு முந்தின வாரம் இருவருக்கும் ஒரு வாக்குவாதம். அந்த எஞ்சினுக்குள் இரண்டு பல்சக்கரங்கள், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. சின்னதன் எந்தப் பல் பெரியதன் எந்த இடைவெளியில் உட்கார்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பல் தள்ளி உட்கார்ந்தால் தீப்பொறி நேரம் தப்பி வரும். பழைய அடையாளம் துருவில் போய்விட்டது. கழற்றுவதற்கு முன் அப்பா அந்தப் பற்களில் சாக்பீஸால் கோடு போட்டார். நான் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ்.

"சாக்கு நிக்காது சாமி. ஒரு குத்துளி வெச்சு ரெண்டு புள்ளி குத்தட்டே? காலாகாலத்துக்கும் இருக்கும்."

"வேண்டாம். அத்தனை வருஷத்து இரும்பு. அதுல நம்ம கையால ஒரு வடு விழப்படாது."

"வடு இல்லெங்கில் பின்னே நான் வேணும். நான் இல்லாம இது சேராது, பாத்துக்கோங்க" என்று விழிஞ்ஞத்துக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை எனக்கு ஜுரம். பள்ளிக்குப் போகவில்லை. ஐப்பசி மாதம். மத்தியானம் ஆனால் வானம் இருட்டிக்கொண்டு இடி இடிக்கும். அப்பா ஆபீஸில். அம்மா எனக்கு ரசம் சாதம் கொடுத்துவிட்டுக் கண் அசந்திருந்தாள். கொல்லையில் விழிஞ்ஞத்துக்காரர் வேலை செய்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் பஸ் பிடிக்க வேண்டும். சாக்பீஸைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். என்னைப் பார்த்ததும், "மோளே, ஜுரம் எப்படி?" என்றார். பிறகு, "அச்சனிடத்து சொல்லு. அடையாளம் போட்டதெல்லாம் அழிக்கணும். அழிச்சு வெச்சா நாளைக்கு வேலை சுலபம். மறக்காதே" என்று சொல்லிவிட்டு இடைவழியில் ஓடினார்.

என் வகுப்பில் கரும்பலகை துடைப்பது என் வேலை. எங்கள் தமிழ்ப் பள்ளியில் டீச்சர் 'அழி' என்று சொன்னால் ஈரத் துணியை எடுப்பேன். வெள்ளை மிச்சம் இல்லாமல் துடைத்தால் 'கெட்டிக்காரி' என்பார். அதுதான் அந்த நாட்களில் நான் வாங்கிக்கொண்டிருந்த ஒரே பாராட்டு.

அப்பா வருவதற்குள் நானே செய்துவைத்தால் நல்லது என்று தோன்றியது. பட்டறைக்குள் போனேன். எஞ்சினின் மேல் நாலைந்து இடத்தில் சாக்பீஸ் கோடு. பம்பின் மேல், தீப்பொறிப் பெட்டியின் மேல். தரையில் கோணிச் சாக்கின் மேல் இரண்டு பல்சக்கரங்கள், அவற்றிலும் கோடு. துணியை நனைத்து எல்லாவற்றையும் துடைத்தேன். பல்சக்கரத்தின் பற்களுக்கு இடையில் விரலை விட்டு நன்றாகத் துடைத்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். மழை தகரக் கூரையில் கொட்டியது. பட்டறைக்குள் போனது தெரிந்தால் அம்மா திட்டுவாளே என்று மட்டும்தான் பயம்.

மலையாளத்தில் அழிப்பது என்றால் கழற்றுவது. சட்டையை அழிப்பார்கள், முடிச்சை அழிப்பார்கள், எஞ்சினை அழித்துப் பழுது பார்ப்பார்கள். அது எனக்குத் தெரியாததா? ஊர் முழுக்க மலையாளம்தான். ஆனால் எந்த மொழியில் பேச்சு நடக்கிறதோ அந்த மொழியில்தானே காது கேட்கும்? அவர் தமிழில் பேசினார். நான் தமிழில் கேட்டேன். பம்பையும் தீப்பொறிப் பெட்டியையும் கழற்றி வைக்க வேண்டும், அதற்குத்தான் அவற்றின் மேல் கோடு போட்டிருந்தார். இது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

சாயங்காலம் பட்டறையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. சத்தமாக அல்ல. அப்பாவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"யாரு உள்ள வந்தா?"

"அந்த மெக்கானிக்கைத் தவிர யாரு வருவா?" என்றாள் அம்மா.

"இவ?"

"அது ஜுரத்துல சுருண்டு கிடக்கு."

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அப்பா இருட்டும் கொல்லையைப் பார்த்துக்கொண்டு, "நான் இல்லாம சேராதுன்னான். சிரிச்சிண்டே சொன்னான்" என்றார். போன வாரம் சிரிப்பாக இருந்தது அன்று சாட்சியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவர் வந்து கொல்லைக் கதவைத் தட்டினார். அப்பா கதவைப் பாதிதான் திறந்தார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால்.

"நேத்து நீ அழிச்சயா?" என்றார் அப்பா. 'ஆசானே' என்று கூப்பிடவில்லை.

"நான் எங்கே அழிச்சேன் சாமி? மழை வந்தது. சாமி அழிக்கணும்னு சொல்லிட்டல்லோ போனேன்."

"அழிக்கணும்னு சொன்னே?"

"ஆமா. அழிச்சு வெச்சா இன்னைக்கு சுலபம்னு..."

"யாருக்குச் சுலபம்? உனக்கா?"

அவர் முகம் மாறியது. புரியாத முகம். "சாமி, மோளிடத்து கேட்டு நோக்கு..."

"குழந்தையை இழுக்காதே. ஜுரத்துல கிடக்கா. நான் அந்தப் புள்ளியைக் குத்த விடலைன்னுதானே? நீ இல்லாம சேராதுன்னு காட்டணும், அவ்வளவுதானே? போறும். இனிமே வர வேண்டாம்."

கதவு சாத்தப்பட்டது. அம்மா, "அவன் வாயாலயே ஒத்துண்டான் பாருங்கோ" என்றாள்.

அவர் பொய் சொல்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். என்னிடம் அழிக்கச் சொன்னவர், இப்போது 'நான் எங்கே அழிச்சேன்' என்கிறாரே. பெரியவர்கள் நம்மிடம் ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லிவிட்டு மறுநாள் கையை விரிப்பார்களா? அவர் பேரில் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் என் பயத்துக்கு வசதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளியும் சனியும் அப்பா பல்லை எண்ணினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பற்களில் எங்கே பழைய தேய்மானம் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். காகிதத்தில் படம் போட்டார். மாட்டினார், கழற்றினார், மாட்டினார். சனிக்கிழமை சாயங்காலம், "இதுதான்" என்றார். பம்பிலும் தீப்பொறிப் பெட்டியிலும் இருந்த கோடுகளைத்தான் நான் துடைத்துவிட்டேனே, அவற்றைக் கழற்ற வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு பத்து மணிக்கு மில்காரர் வந்தார். பருத்த உடம்பு, கக்கத்தில் குடை. தெருவிலிருந்து ஏழெட்டு மாமாக்களும் வந்து கொல்லையில் நின்றார்கள்.

"என்ன சாமி, ஓடுமா ஓடாதா? பன்னெண்டு மணிக்குப் பேத்திக்குக் காது குத்து. லேட்டானா என் காதைக் குத்திருவாவ" என்றார் மில்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, "அந்த விழிஞ்ஞத்து ஆளு எங்க? அவரைப் பாக்கத்தானவே நான் வந்தது" என்றார்.

"அவன் வரமாட்டான்."

"இன்னா நிக்காரே."

கொல்லைக் கதவு திறந்திருந்தது. இடைவழியில் விழிஞ்ஞத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலை படிய வாரியிருந்தார். உள்ளே காலை வைக்கவில்லை.

அப்பா பார்க்காதது மாதிரி ஹேண்டிலை மாட்டிச் சுற்றினார். எஞ்சின் இருமியது. இன்னொரு முறை. படார் என்று ஒரு வெடி, கரும்புகை. மாமாக்கள் பின்னால் நகர்ந்தார்கள்.

"சாமி" என்றார் வாசலில் நின்றவர். "தீ முன்னாடி வருது. கேட்டா தெரியுது. பல்லு ஒண்ணு தப்பியிருக்கு. கை வெக்காதே சாமி, திருப்பி அடிக்கும்."

"எனக்குத் தெரியும்."

மில்காரர் அப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சாமி, அவரு சொல்லுகதுல காரியம் இருக்கும் போல இருக்கே. உள்ள வாரும்வே. வந்து பாரும்."

அப்பா ஒதுங்கினார். விழிஞ்ஞத்துக்காரர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முழுக்கையை மடித்தார். மூடியின் மேல் கை வைத்தார். இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தால் போதும். அவர் சரியாக மாட்டியிருப்பார், எஞ்சின் ஓடியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியிருக்காது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. மூன்று நாளாக அடக்கிவைத்தது. அப்பா அவரைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே பள்ளியில் சொல்லித்தந்தார்கள்? இத்தனை பேர் நடுவில் வாய் திறந்தேன்.

"அப்பா, நான்தான் அழிச்சேன். அவர் அழிக்கச் சொன்னார், அதான் அழிச்சேன்."

நான் பாதியைத்தான் என் மேல் போட்டுக்கொண்டேன். மறுபாதியை அவர் மேல் போட்டேன். அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

"சின்னப் புள்ளைய விட்டா இதைச் செய்யச் சொன்னீரு?" என்றார் மில்காரர்.

விழிஞ்ஞத்துக்காரர் மூடியிலிருந்து கையை எடுத்தார். "மோளே... நான் அழிக்கணும்னு சொன்னது..." சொல்லிக்கொண்டே என் பக்கம் ஒரு அடி வைத்தார்.

"பாத்தேளா, ஆமாங்கறான்" என்று ஒரு மாமா சொன்னார்.

மில்காரர் குடையைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு என்ன வந்ததோ, விழிஞ்ஞத்துக்காரரைத் தோளால் தள்ளிக்கொண்டு போய் ஹேண்டிலைப் பிடித்தார். "சாமி, கட்டைவிரல்" என்று அவர் கத்தினார். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்பது அவர் முதல் நாளிலிருந்து சொல்லிவந்தது. அப்பா முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒரு சுற்று. எஞ்சின் பின்பக்கமாக உதைத்தது. ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

அப்பா கத்தவில்லை. சாக்கின் மேல் உட்கார்ந்து, மணிக்கட்டுக்குக் கீழே கோணிப்போன கையை வேறு யாருடையதையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விழிஞ்ஞத்துக்காரர் மட்டும் பேசாமல் தோளிலிருந்த துவர்த்துத் துண்டைக் கிழித்து, ஒரு மரச் சட்டத்தை வைத்துக் கையைக் கட்டினார். இடைவழியில் ஓடிப்போய் ஆட்டோ கொண்டுவந்தார். எங்கள் மூவரையும் ஏற்றிவிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டையில் கறுப்பு எண்ணெய். ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன், மில்காரர் அவரைப் பார்க்காமல் முன்வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுக்குக் காத்திருந்தோம். பெஞ்சில் அப்பா நடுவில், நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். அங்கேதான் அப்பா முதல் தடவையாக என்னிடம் கேட்டார்.

"அவன் என்ன சொன்னான்? அப்படியே சொல்லு. அவன் சொன்ன மாதிரியே."

நான் சொன்னேன். "மோளே, அச்சனிடத்து சொல்லு. அடையாளம் போட்டதெல்லாம் அழிக்கணும். அழிச்சு வெச்சா நாளைக்கு வேலை சுலபம்."

"எதுலெல்லாம் கோடு இருந்தது?"

"பம்புல. அந்தப் பெட்டில. அப்புறம் சக்கரத்துல."

அப்பா சுவரைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. அந்த ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், ஒரு தடவை ஒரு மொழியில், இன்னொரு தடவை இன்னொரு மொழியில்.

"என்ன?" என்றாள் அம்மா.

"கழட்டச் சொல்லிருக்கான்" என்றார் அப்பா.

அம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா என்னிடம், "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார். "நீங்க கேக்கலை" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தக் கை பிறகு நேராகச் சேரவே இல்லை. பட்டறையை அப்பா திறக்கவும் இல்லை. பல்சக்கரம் மட்டும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. இன்று துடைத்துப் பார்த்தேன். அதில் ஒரு வடுகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் திங்கட்கிழமை. அப்பா சொல்லி அனுப்பியபடி அம்மாவும் நானும் காலை ஏழரை பஸ்ஸில் கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞம் போனோம். அவர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டோம். விடியற்காலையிலேயே கொல்லத்துக்குப் போய்விட்டார், அங்கே ஒரு படகில் எஞ்சின் வேலை கிடைத்திருக்கிறது, எப்போது வருவார் என்று தெரியாது என்றார். அம்மா அவருடைய வாசற்படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பதினொரு மணி பஸ்ஸில் திரும்பினோம். மத்தியானம் நான் பள்ளிக்கூடம் போனேன்.